கடன் செல்போன்ல வருது, கணக்கு மட்டும் எங்க எழுத்துல வரல

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் நகரியில இருந்து எழுதுறேன், ஆந்திராவுல இருக்கிற நகரி. எங்க வீட்டுக்காரர் பவர்லூம்ல தறி ஓட்டுறார், நான் வீட்டுல தார் சுத்துறேன், அதுபோக எங்க தெரு டுவாக்ரா குழுவுக்கு, அதாவது பொம்பளைங்க சேமிப்பு-கடன் குழுவுக்கு, 14 வருஷமா லீடரா இருக்கேன். உங்க பேப்பரை அவர் டீக்கடையில இருந்து சாயங்காலம் எடுத்துட்டு வருவார், நான் ராத்திரி வேலை எல்லாம் முடிச்சுட்டு ஒரு வரி விடாம படிப்பேன். போன வாரம் அதுல, டவுன்ல இருக்கிற ஏழைங்களுக்கு சின்னச் சின்ன கடன் எல்லாம் இனிமே செல்போன் வழியாவே கிடைக்கும், அலைச்சல் இல்ல, ஜாமீன் தேடிப் போக வேண்டாம், டெக்னாலஜி வீட்டு வாசலுக்கே வந்துடுச்சுனு எழுதியிருந்தீங்க. படிக்க சந்தோஷமா இருந்துச்சு. ஆனா அந்தக் கடன் எங்கள மாதிரி எல்லையில இருக்கிற தமிழ்க்காரங்க கைக்கு வரும்போது என்ன ஆகுதுனு ஒரு வார்த்தை இல்லையே ஐயா, அதனாலதான் பொண்ணு போன்ல ராத்திரி உக்காந்து இதை டைப் பண்றேன்.

எங்க எதிர் வீட்டு அக்கா இருக்காங்க. சாயப்பட்டறையில நூல் அலசுற வேலை. மூணு மாசம் முன்னாடி ஒரு கம்பெனியில குழு லோன் 40,000 எடுத்தாங்க. கம்பெனி பேரு வேண்டாம். அந்தக் கம்பெனித் தம்பி ஒருத்தன் டேப், பெரிய போன் மாதிரி இருக்குமே, அதை எடுத்துட்டு வந்தான், போட்டோ புடிச்சான், ஆதார் போட்டோ புடிச்சான், அக்கா போனுக்கு ஒரு ஓடிபி வரும் சொல்லுங்கனு கேட்டான், சொன்னாங்க, இன்னொண்ணு வரும்னான், அதையும் சொன்னாங்க, பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. ரெண்டு நாள் கழிச்சு அக்கவுண்ட்ல 37,850 ஏறியிருக்கு. மீதி 2,150 எங்கனு அக்கா என்கிட்ட வந்து அழுறாங்க, அந்தப் பையன் எடுத்துட்டானோனு சந்தேகம் வேற. நான் லோன் கார்டைக் கொண்டு வரச் சொன்னேன். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தெலுங்கு. அக்கா எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், நானும் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், தெலுங்கு பேசச் சொன்னா மணிக்கணக்கா பேசுவோம், சண்டை கூட தெலுங்குல போடுவோம், ஆனா படிக்கணும்னா எழுத்துக் கூட்டித்தான் படிக்கணும், அதுவும் இந்த பேங்க் தெலுங்கு வாயில நுழையாது. என் பொண்ணு வந்து படிச்சுச் சொன்னதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, ப்ராசஸிங் ஃபீஸ், அதுக்கு ஜிஎஸ்டி, அக்காவுக்கும் அவங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒரு இன்சூரன்ஸ். ரெண்டாவது ஓடிபி அந்த இன்சூரன்ஸுக்கு சம்மதம்னு குடுத்த கையெழுத்தாம். கையெழுத்துப் போட்டது அக்காவுக்கே தெரியாது.

அந்தப் பையன் திருடல. கணக்கு எல்லாம் கரெக்டா இருக்கு. அதுதான் எனக்கு இன்னும் வலிக்குது. எல்லாமே சரியா எழுதியிருக்கு, ஆனா யாருக்காக எழுதினாங்களோ அவங்களுக்குப் புரியாத எழுத்துல இருக்கு.

வெளியூர்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை மாத்தினப்போ திருத்தணி பக்கம் அந்தப் பக்கம் போச்சு, நாங்க இந்தப் பக்கம் நின்னுட்டோம். கோயில் அங்க, சம்பந்தம் அங்க, நல்லது கெட்டதுக்கு பஸ் ஏறினா அங்கதான். அதுல எங்களுக்கு யார் மேலயும் வருத்தம் இல்ல, ஆந்திரா எங்களுக்கு ரேஷன் குடுக்குது, பென்ஷன் குடுக்குது, பிள்ளைங்கள படிக்க வைக்குது. ஆனா எங்க தெருவுல நாப்பது வயசுக்கு மேல இருக்கிற பொம்பளைங்க பாதிப் பேரு தமிழ் மட்டும்தான் படிப்பாங்க, பிள்ளைங்க தெலுங்கும் இங்கிலீஷும் படிக்குதுங்க, தமிழ் எழுத்து தெரியாது. ஒரே வீட்டுல அம்மா படிக்கிறத பொண்ணு படிக்க மாட்டா, பொண்ணு படிக்கிறத அம்மா படிக்க மாட்டா. இந்த வீட்டுக்குள்ளதான் அந்த டேப் வருது, எஸ்எம்எஸ் வருது.

நான் டெக்னாலஜி வேண்டாம்னு சொல்ற ஆள் இல்ல. அது வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுனு எனக்குத் தெரியும். இங்க பழைய கடன்னா தண்டல்தான். 10,000 கேட்டா 8,500 கையில குடுப்பாங்க, தினம் 100 ரூபாய்னு நூறு நாள் வாங்குவாங்க. கேக்க சின்னதா இருக்கும், வருஷக் கணக்கு போட்டுப் பார்த்தா நூத்துக்கு நூறுக்கு மேல வட்டி வரும். தறி நின்னாலும் மழை பெஞ்சாலும் வீட்டுல சாவு விழுந்தாலும் சாயங்காலம் சைக்கிள் வந்து நிக்கும்.

அப்புறம் வாரக்குழு கம்பெனிங்க வந்துச்சு. 2010க்கு முன்னாடி எங்க ஒரு தெருவுக்கு மட்டும் நாலு கம்பெனி, திங்கக்கிழமை ஒண்ணு புதன்கிழமை ஒண்ணு. யாரு எங்க எவ்வளவு வாங்கியிருக்காங்கனு ஒரு கம்பெனிக்கு இன்னொரு கம்பெனி விஷயம் தெரியாது, அதைப் பார்க்க கம்ப்யூட்டர்ல அப்போ வழியும் கிடையாது. இதுல வாங்கி அதுல கட்டுறது, அதுல வாங்கி இதுல கட்டுறது. ஆந்திரா முழுக்க இதே கதை, தற்கொலை செய்தியா வந்துச்சு, 2010 அக்டோபர்ல கவர்ன்மென்ட் அவசரச் சட்டம் போட்டு வாரா வாரம் வசூல், வீட்டு வாசல்ல வசூல் எல்லாத்தையும் நிறுத்துச்சு. அன்னைக்கு நாங்க எல்லாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம், பொய் சொல்லல. ஆனா ஆறு மாசத்துல அந்தத் தண்டல் சைக்கிள் திரும்பி வந்துடுச்சு, ஏன்னா பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், தறிக்கு மோட்டார் போச்சுனா மாத்தணும், பணத்தோட தேவை சட்டம் போட்டா நின்னுடுமா.

அதுக்கு அப்புறம் நடந்ததுலதான் டெக்னாலஜியோட நல்ல பக்கத்தை நான் கண்ணால பார்த்தேன். 2011ல ஸ்த்ரீநிதினு குழுப் பொம்பளைங்களோட சங்கங்களும் கவர்ன்மென்ட்டும் சேர்ந்து ஒரு கடன் கூட்டுறவு ஆரம்பிச்சாங்க. அதுல போன்லயே கடன் கேக்கலாம், 48 மணி நேரத்துல பணம்னு சொன்னாங்க. முதல்ல நாங்க நம்பல. எங்க குழுவுல ஒருத்திக்கு பிரசவத்துல சிக்கல் ஆகி வேலூர் கூட்டிட்டுப் போனப்போ அந்தப் பணம் நிஜமாவே ரெண்டாம் நாள் வந்து நின்னுச்சு. பேங்க் மேனேஜர் ரூம் வாசல்ல அரை நாள் உக்கார்ற எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு எழுதினா புரியாது. கிராம வளர்ச்சிக்குனு இருக்கிற நபார்டு பேங்க் 1992ல 500 குழுவை வச்சு இந்தக் குழு-பேங்க் இணைப்பை ஆரம்பிச்சப்போ எல்லாம் நோட்டுப் புத்தகம்தான், எங்க குழுவுலயும் நோட்டுதான், அதை எழுதின ஆள் ரெண்டு வருஷம் சந்தா வாங்கினத எழுதாமலே விட்டது எனக்குத்தான் தெரியும், அதைக் கண்டுபுடிக்க மூணு ராத்திரி தூங்காம கூட்டிப் பார்த்தேன். கணக்கு கம்ப்யூட்டர்ல ஏறினா இந்தத் திருட்டு நிக்கும். அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இன்னொண்ணு. பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி வண்டி போடுற எங்க ஆயா முறை ஒருத்தங்க. வீடு வாடகை, பேருல ஒரு அடி நிலம் இல்ல, சம்பளச் சீட்டு இல்ல, இவங்களுக்கு எந்த பேங்க் கடன் குடுக்கும்? 2020ல கொரோனா டைம்ல தெரு வியாபாரிங்களுக்குனு பிஎம் ஸ்வநிதி கடன் திட்டம் வந்துச்சு, முனிசிபாலிட்டி கார்டு இருந்தா முதல் தடவை 10,000, அதைக் கட்டினா 20,000, அதையும் கட்டினா 50,000, வருஷத்துக்கு 7 சதவீத வட்டி மானியமா அக்கவுண்டுக்கே வரும், கியூஆர்ல வியாபாரம் பண்ணா மாசம் 100 ரூபாய் வரைக்கும் திரும்ப வரும்னு அப்போ வச்சிருந்தாங்க. இப்போ முதல் கடனை 15,000, ரெண்டாவதை 25,000 ஆக்கி 2030 மார்ச் வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. ஆயா மூணு கட்டமும் முடிச்சுட்டாங்க. வண்டியில அந்தப் பொட்டி பணம் வந்துச்சுனு சத்தம் போட்டுச் சொல்லும் இல்லையா, அந்தச் சத்தம்தான் அவங்களோட சம்பளச் சீட்டு. நிலம் இல்லாத, சொந்த வீடு இல்லாத, இன்னைக்கு இந்தத் தெரு நாளைக்கு அந்தத் தெருனு மாறிட்டே இருக்கிற டவுன் ஏழைக்கு கடன் குடுக்க யாருமே வராததுக்குக் காரணமே இவங்க திருப்பிக் குடுப்பாங்களானு தெரிஞ்சுக்க வழி இல்லாததுதான். அந்த வழியை போன் திறந்து விட்டுச்சு, இதை யார் இல்லைனு சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன்.

ஆனா ஆயா வண்டியில இருக்கிற அந்தக் கியூஆர் யாரு நம்பர்ல இருக்குனு கேளுங்க. பையன் நம்பர். பையன் ஸ்ரீசிட்டியில கம்பெனி வேலை, சிம் அவன்கூடப் போயிடுச்சு. இட்லி சுட்டது ஆயா, விடிகாலை மூணு மணிக்கு எழுந்து மாவு தூக்கினது ஆயா, வரவு எல்லாம் பையன் அக்கவுண்ட் பேர்ல பதிவாகுது. நாளைக்கு ஆயா ஒரு லட்சம் கடன் கேட்டா, உங்களுக்கு வரவே இல்லையேனு கம்ப்யூட்டர் சொல்லும். பேங்க்ல இருந்து தவணை ஞாபகப்படுத்துற மெசேஜும் பையனுக்குத்தான் போகுது, அவன் நைட் ஷிஃப்ட்ல பார்க்காம விட்டுட்டான், ஒரு தவணை லேட் ஆச்சு, ஆயா ரெக்கார்டுல ஒரு கறை விழுந்துச்சு. ஏன் ஆயா உங்க பேர்ல போன் வச்சுக்கலனு கேட்டா, எனக்கு அதுல வர்றது என்னனு தெரியாதேம்மா, அவன்னா படிப்பான்னாங்க. பாருங்க ஐயா, திரும்ப அதே இடத்துக்குத்தான் வருது. படிக்கத் தெரிஞ்ச எழுத்துல வந்திருந்தா அந்த போன் ஆயா மடியில இருந்திருக்கும்.

பேரு விஷயம் இன்னொரு தலைவலி. கனிமொழினு பேரு வச்சா தெலுங்குல ழ கிடையாது, ஆதார்ல ஒரு மாதிரி, பேங்க்ல ஒரு மாதிரி, ஓட்டர் கார்டுல ஒரு மாதிரி, இங்கிலீஷ்ல எழுதும்போது ஒரு இடத்துல எல், ஒரு இடத்துல இஸட்எச். அதோட நம்ம பழக்கம் அப்பா பேரோட முதல் எழுத்து இனிஷியல், இங்க ஃபாரம்ல இண்டிப் பேரு கேப்பாங்க, குடும்பப் பேரு, நமக்கு அது கிடையாது, சிலர் அப்பா பேரை எழுதினாங்க, சிலர் ஊர் பேரை எழுதினாங்க, சிலருக்கு ஆபரேட்டரே எதையோ போட்டு விட்டான். மனுஷன் பார்த்தா ஒரே ஆள்தானேனு விட்டுடுவான். மெஷின் விடாது. எங்க குழுவுல மட்டும் மூணு பேருக்கு பேரு பொருந்தலனு கடன் ஒரு மாசத்துக்கு மேல நின்னுச்சு. ஒருத்திக்கு அதைவிட மோசம், அவ பேர்லயே இருக்கிற வேற யாரோட பாக்கியோ இவ ரெக்கார்டுல ஒட்டிக்கிச்சு. நம்ம கடன் கணக்கை எல்லாம் சேர்த்து வைக்கிற கிரெடிட் ரிப்போர்ட்டை, அதைத் தயார் பண்ற ஒவ்வொரு கம்பெனிகிட்டயும் வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ரீயா வாங்கலாம், தப்பா இருந்தா புகார் குடுக்கலாம், 30 நாளுக்குள்ள சரி பண்ணலைனா அதுக்கு அப்புறம் ஒரு நாளைக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு தரணும்னு ரூல் இருக்கு, இதெல்லாம் என் பொண்ணு தேடிப் படிச்சுச் சொன்னது. அந்தப் பொம்பளைக்கு இது யாரும் சொல்லல, அவ தன் ராசி சரியில்லைனு நினைச்சுட்டு திரும்ப தண்டலுக்குப் போயிட்டா.

கைரேகையும் சொல்லணும். எதிர் வீட்டு அக்காவுக்கு சாயத்துலயும் கெமிக்கல்லயும் கை வெந்து ரேகையே இல்ல. மெஷின்ல விரலை வச்சா சிவப்பு லைட்டுதான் எரியுது. சொந்தப் பணத்தை எடுக்க ஒரு தடவை ஏழு விரல் மாத்தி வச்சுப் பார்த்தாங்க. சின்ன பட்டன் போன்லயே பணம் அனுப்ப 2022ல யுபிஐ 123பே வந்துச்சு, இன்டர்நெட்டே வேண்டாம். இதை எங்க தெருவுல ஒரு ஆபீசரும் வந்து சொல்லிக் குடுத்தது இல்ல, நான் தெரிஞ்சுக்கிட்டதே போன வருஷம்தான். வார்டு சச்சிவாலயம், அதாவது கவர்ன்மென்ட்டோட வார்டு ஆபீஸ், 2019ல இருந்து தெரு முனையிலயே இருக்கு, அங்க ஒரு மணி நேரம் உக்கார வச்சுக் காட்டினா எங்க பொம்பளைங்க கத்துக்குவாங்க, தறி முடிச்சு அவிழ்க்கிற கைக்கு நாலு பட்டன் பெரிய விஷயமா.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். எங்களுக்குப் புரியுற பாஷையில குடுங்கனு நாங்க கேக்குறது சலுகை இல்ல ஐயா, ரிசர்வ் பேங்க் ஏற்கனவே போட்ட ரூல். 2022 மார்ச்ல மைக்ரோஃபைனான்ஸுக்குனு தனியா ஒரு உத்தரவு வந்துச்சு, ஏப்ரல் 1ல இருந்து எல்லா பேங்குக்கும் எல்லா கம்பெனிக்கும் பொருந்தும். வருஷ வருமானம் 3 லட்சம் வரைக்கும் இருக்கிற குடும்பத்துக்கு ஜாமீன் இல்லாம குடுக்கிற கடன்தான் மைக்ரோஃபைனான்ஸ். அந்தக் கடனோட அக்ரிமென்ட் கடன் வாங்குறவங்களுக்குப் புரியுற பாஷையில இருக்கணும், லோன் கார்டுல எழுதுறது அத்தனையும் அவங்களுக்குப் புரியுற பாஷையில இருக்கணும். மாநில பாஷைனு அதுல போடல, கடன் வாங்குறவங்களுக்குப் புரியுற பாஷைனு போட்டிருக்கு. இன்சூரன்ஸ் மாதிரி கூட எதையாவது விக்கணும்னா முழு சம்மதத்தோடதான் விக்கணும். முன்னாடியே கட்டி முடிச்சா அபராதம் கிடையாது. காலைல 9க்கு முன்னாடியும் சாயங்காலம் 6க்கு அப்புறமும் போன் பண்ணித் தொல்லை பண்ணக் கூடாது. தவணை வாரமா மாசமாங்கிறதை வாங்குறவங்க தேவைக்கு ஏத்த மாதிரி வைக்க வழி இருக்கணும். கூலியை சனிக்கிழமை வாங்குற தறிக்காரனுக்கு செவ்வாக்கிழமை தவணை வச்சா அவன் எங்க போவான், நூல் விலை ஏறி பத்து நாள் தறி நின்னா என்ன பண்ணுவான், இதைக் கேக்க எங்களுக்கு உரிமை இருக்குனே எங்களுக்குத் தெரியாது, ஏன்னா அது எழுதியிருக்கிற பேப்பரை நாங்க படிக்க முடியல.

இந்த உத்தரவுல இன்னொரு ரூல், அதுதான் என் மனசை ரொம்ப உறுத்துறது. குடும்பம் கட்டுற எல்லா தவணையும் சேர்த்து மாச வருமானத்துல பாதிக்கு மேல போகக் கூடாது. ரொம்ப நல்ல ரூல், 2010ல இது இருந்திருந்தா எத்தனையோ உசுரு போயிருக்காது. ஆனா மாச வருமானம்னு டேப்ல யார் அடிக்கிறாங்க? அந்தத் தம்பி அடிக்கிறான். எதிர் வீட்டு அக்காவுக்கு அவன் அடிச்சது 24,000. அக்காவும் வீட்டுக்காரரும் சேர்ந்து நல்லா ஓடுற மாசத்துலயே 15,000 தாண்டாது. மாசம் 25,000 தாண்டினா 3 லட்சம் லிமிட்டுக்கு வெளிய போயிடும், ரொம்பக் குறைச்சா தவணை பாதிக்கு மேல போய் கடன் ஓகே ஆகாது, அதனால மெஷின் சரினு சொல்ற நம்பர் எதுவோ அதை அடிச்சிருக்கான். அவனையும் முழுசா குத்தம் சொல்ல மாட்டேன், அவனுக்கு டார்கெட். மெஷினுக்கு அடிச்சதுதான் தெரியும், வீட்டு அடுப்பு தெரியாது. ஆனா அந்த ஸ்க்ரீன்ல, உங்க குடும்ப மாச வருமானம் இருபத்து நாலாயிரம், சரியானு தமிழ்ல இருந்திருந்தா, இல்ல தமிழ்ல ஒரு குரல் படிச்சுக் காட்டியிருந்தா, அக்கா அங்கயே சொல்லியிருப்பாங்க, தம்பி அவ்வளவு எல்லாம் இல்லப்பானு. மொத்த கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்கும் உண்மை தெரிஞ்ச ஒரே ஆள் அந்தப் பொம்பளைதான், அவகிட்ட கேக்காமலே கணக்கு போட்டு முடிக்கிறாங்க. பாஷை பாஷைனு நான் அடிச்சுக்கிறது தமிழ்ப் பாசத்துக்காக மட்டும் இல்லனு இதுக்காகத்தான் சொல்றேன், கடன் அளவு தாண்டிப் போகாம தடுக்கிற பூட்டோட சாவி அந்த ஒரு கேள்வியில இருக்கு.

கவர்ன்மென்ட்டையும் கம்பெனிங்களையும் நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. கேஸ் சிலிண்டர் புக் பண்ண போன் பண்ணா தமிழுக்கு இந்த நம்பர் தெலுங்குக்கு அந்த நம்பர்னு கேக்குது. அந்த டேப்ல முதல் கேள்வியா உங்களுக்கு எந்த பாஷை படிக்க வரும்னு ஒரு கட்டம் வச்சா போதும், அதுக்கு அப்புறம் வர்ற எஸ்எம்எஸ், லோன் கார்டு, தவணை ஞாபகம் எல்லாம் அந்த பாஷையில போகட்டும். பின்கோடு ஆந்திராவுதுனா தெலுங்குனு மெஷினே முடிவு பண்ண வேண்டாம். படிக்கவே தெரியாதவங்களுக்கு, எங்க தெருவுலயே பத்துப் பதினைஞ்சு பேரு இருக்காங்க, ஒரு போன் கால் வரட்டும், நீங்க வாங்குறது இவ்வளவு, கையில வர்றது இவ்வளவு, மொத்தமா கட்டப் போறது இவ்வளவு, இதுல இன்சூரன்ஸ் இவ்வளவு, சம்மதம்னா ஒண்ணை அமுக்குங்கனு. ஓடிபி கேக்கும்போது இது எதுக்கான ஓடிபினு அதே மெசேஜ்ல தமிழ்ல போடட்டும். டவுன் ஏழைங்களுக்காக ஆந்திரா கவர்ன்மென்ட் நடத்துற மெப்மாவுல எங்க ஏரியாவுக்கு ஆர்பி, அதாவது ரிசோர்ஸ் பர்சன், ஒருத்தங்க இருக்காங்க, குழு விஷயம் எல்லாம் அவங்க கைலதான், தமிழ் நல்லா தெரியும், அவங்களுக்கு ஒரு சின்ன தொகை குடுத்து வாரத்துல ஒரு நாள் சச்சிவாலயத்துல உக்கார வச்சா, பேரு திருத்தம், கிரெடிட் ரிப்போர்ட், புகார் எல்லாத்துக்கும் ஒரு முகம் கிடைக்கும். போன் எவ்வளவு வேலை செஞ்சாலும் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அக்கா இது என்னனு கேக்க ஒரு மனுஷர் வேணும்.

இந்த ஆப் லோன் பத்தி ரெண்டு வரி. எங்க பக்கத்து தெருப் பையன் 5,000க்கு ஒரு ஆப்ல மாட்டி, அவன் போன்ல இருந்த நம்பருக்கு எல்லாம் அசிங்கமா மெசேஜ் போய், அவங்க அம்மா வெளிய தலைகாட்டாம ஒரு மாசம் இருந்தாங்க. ஆப் கம்பெனி உங்க காண்டாக்ட், போட்டோ, கால் லிஸ்ட் எதையும் எடுக்கக் கூடாதுனு 2022 செப்டம்பர்லயே ரிசர்வ் பேங்க் தடை போட்டிருக்கு, முறையான ஆப் எதுனு லிஸ்ட்டும் 2025ல இருந்து அவங்க சைட்ல போடுறாங்க. அப்படி மிரட்டல் வந்தா பயந்து கட்டாம சைபர் க்ரைம் உதவி நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க. பேங்க், கம்பெனி மேல புகார்னா முதல்ல அவங்ககிட்டயே எழுதிக் குடுத்து ரசீது வாங்கணும், 30 நாள்ல பதில் வரலைனாலோ பதில் சரியில்லைனாலோ இந்தப் புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் அதிகாரி, ஓம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், காசு செலவு இல்ல, எப்படிப் போகணும்னு 14448ல கேட்டா சொல்லுவாங்க, அதுல தமிழ்லயே பேசலாம். இந்த ரெண்டு நம்பரையும் உங்க பேப்பர்ல ஒரு கட்டம் கட்டிப் போடுங்க ஐயா, எல்லையில இருக்கிற ஊருங்களுக்கு வர்ற பதிப்புல மட்டுமாவது போடுங்க. எங்க பொம்பளைங்க கையில தமிழ்ல வந்து சேர்ற ஒரே அச்சுக் காகிதம் உங்க பேப்பர்தான்.

எதிர் வீட்டு அக்கா விஷயத்துக்கு நானே ஒரு மனு எழுதினேன், தமிழ்ல. லோன் கார்டு தமிழ்ல வேணும், கேக்காத இன்சூரன்ஸை ரத்து பண்ணணும், டேப்ல அடிச்ச வருமானம் எவ்வளவுனு எழுதித் தரணும்னு மூணு விஷயம். அந்த பிராஞ்ச்ல இருந்த சார் முதல்ல, இது ஆந்திராம்மா, தெலுங்குல எழுதிட்டு வாங்கன்னார். நான் ரிசர்வ் பேங்க் உத்தரவோட அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போயிருந்தேன், காட்டினேன். ரொம்ப நேரம் படிச்சார். அப்புறம் சீல் வச்சு ரசீது குடுத்தார். அது ஆச்சு இன்னையோட 19 நாள். அக்கா தவணையை ஒரு தடவை கூட நிறுத்தல, ரசீதை ஆதார் கார்டோட சேர்த்து கவர்ல போட்டு வச்சிருக்காங்க. இந்த லெட்டர் பேப்பர்ல வந்தா அதையும் வெட்டி அந்தக் கவர்லயே வைக்கணும்னு சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
டுவாக்ரா குழு லீடர் ஒருத்தி,
நகரி